முரண் சோதனை

வெருலம் நீதிமன்றத்துக்கு எதிர்வரிசை,
மருந்துக்கடை மாடி.
எங்கள் அலுவலகத்தில் புதுக் கோப்பு என்றால்
இப்போது அட்டை இல்லை, நாடா இல்லை;
பச்சையில் ஒரு கூட்டல் குறி.
அழுத்தினால் வெள்ளையாய் விரியும் ஒரு படிவம்.

கட்சிக்காரர் பெயர்?
"ருக்மணி" என்றார் வந்தவர்.
அடையாள அட்டையில் ரூக்மனி,
ஆங்கிலத்தில் இரண்டு ஓ போட்டு.
"எந்தக் குமாஸ்தா மாட்டிய வளையங்களோ,
அறுபத்திரண்டு வருஷமாய்க் கழற்ற முடியவில்லை."
இரண்டு ஓவையும் போட்டேன்.
பிறகு பதிமூன்று இலக்கம்:
முதல் ஆறில் பிறந்த நாள்,
அடுத்த நான்கில் பெண் என்பது.
மென்பொருளுக்கு ஒரு மனுஷியைத் தெரிந்துகொள்ள
அது போதும்.

முகவரிச் சான்றுக்குத் தண்ணீர் பில்,
பிளாஸ்டிக் உறையில், மடிப்பு விழாமல்.
யாரும் கேட்காமலே
திருமணச் சான்றிதழும்.

விவகார வகை: கீழே இறங்கும் பட்டியல்.
கடன் வசூல், சாலை விபத்து, மணமுறிவு,
வாடகை, உயில்.
"உயில்" என்றார்.
"வீட்டில் என் பங்கு, தையல் மெஷின் வரைக்கும்
எல்லாம் அவருக்கு.
பிள்ளைகள் பெர்த்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கு எதற்கு?
இவருக்கு முட்டை வேகவைக்கத் தெரியாது.
நான் முந்திக்கொண்டால்
அலைய விடக்கூடாது பாருங்கள்."

எங்களிடம் நேரத்தை ஆறு ஆறு நிமிடமாய் நறுக்குவோம்.
முட்டையோடு ஓர் அலகு முடிந்திருந்தது.

சேமிக்குமுன் மென்பொருள்
ஒருமுறை தன் வயிற்றுக்குள் துழாவும்:
இந்தப் பெயரை, இந்த எண்ணை, இந்தக் கதவிலக்கத்தை
எங்கேயாவது எதிரணியில் வைத்திருக்கிறோமா?
ஊரில் தடுக்கி விழுந்தால் கோவெண்டர், மூட்லி;
வெறும் பெயருக்கு அடிக்கடி மிரளும்,
தட்டிவிட்டுப் போய்விடுவேன்.

இன்றைய சிவப்பு கதவிலக்கத்தில்.
கோப்பு திறந்தது போன செவ்வாய்.
நான் விடுப்பு; தாண்டேகா திறந்திருக்கிறாள்.
கட்சிக்காரர்: தனபாலன்.
வகை: பட்டியலில் மூன்றாவது.
எதிர்த்தரப்பு என்ற கட்டத்தில்
ருக்மணி.
ஓ இல்லை.
இவர் வாயால் சொல்கிற மாதிரியே,
சரியான எழுத்தில்,
கூட வாழ்ந்தவர் சொல்லிக்கொடுத்தபடி.

திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினேன்.
"மன்னிக்க வேண்டும்.
இதை எங்களால் எடுக்க முடியாது."
"ஏன், முன்பணமா? கொண்டுவந்திருக்கிறேனே."
"நலன் முரண்."
"யாரோடு?"

கீழே ஒரு மினிபஸ் டாக்ஸி
ஆள் ஏறும்வரை ஹார்ன் அடித்துக்கொண்டு நின்றது.
சொல்லக்கூடாது என்று சொன்னாலே
பாதி சொன்னதாகிவிடும்.

"உயிலில் என்னம்மா முரண்?
செத்தபின் கொடு என்கிறேன்.
அதற்கு யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்?"

வேறு மூன்று வழக்கறிஞர் பெயர்களை
ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.
முதலாமவர் உயிலுக்குப் பேர்போனவர்.
இரண்டாமவர் டோங்காட்டில்; அவரும் உயில் எழுதுவார்,
வாசல் பலகையில் முதல் வரியாய் வேறு ஒன்று இருக்கும்,
படியேறும்போது கண்ணில் படாமல் போகாது.
இரண்டாவது பெயரில் மை தடித்துவிட்டது.
யாரேனும் கேட்டால்
பேனா பழையது.

"மூன்று பேரா, நல்ல பிள்ளை" என்று
தண்ணீர் பில்லை மட்டும் உறையில் நுழைத்துக்கொண்டு
கைப்பிடியைப் பிடித்து இறங்கிப் போனார்.

படிவம் கேட்டது:
சேமிக்காத மாற்றங்கள் உள்ளன, வெளியேறவா?
ஆம்.
காரணம், பட்டியலில் ஒன்றைத் தேர்க.
தேர்ந்தேன்.
நேரம் இரண்டு அலகு, கட்டணமில்லை.
திரையின் மூலையில் ஒரு நினைவூட்டல் எழுந்து அமர்ந்தது:
வியாழன் பத்து மணி, தனபாலன்.

மேசையில் திருமணச் சான்றிதழ்.
தாள் நறுக்கும் இயந்திரத்தின் வாயருகே கொண்டுபோனவள்
ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்த்தேன்,
நகல்தானா என்று.